வாகைமரத்தடியில் அசையாமல்

நாலு நாள் விடாமல் அடித்த மழை அன்றுதான் விட்டிருந்தது. கண்டிக்குப் பக்கத்து மலைநாட்டு ஊரான ஹேவாஹெட்டவில், ஓடைக்கு அப்பால் பாதையோரத்தில், என் மனைவி ஷிராணி எண்ணெய் வர்ணத்தில் மலையைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மலைப் படத்துக்கு ஓர் ஆள் வேண்டுமாம். வேறு யார் அகப்படுவார்? எதிர்ச் சரிவில், ஒரு பெரிய பாறைக்குச் சற்றுத் தள்ளி, வாகைமரத்தடியில், நான் நின்றேன்.

"ஆடாம நில்லுங்க!"

காலையிலிருந்து இதே பாட்டு. அவள் கண்டியில் சித்திர டீச்சர். புருஷனும் அவளுக்கு வகுப்புப் பிள்ளைதான். காலில் அட்டை கடித்தும் குனியாமல் நின்றேன்.

தூரிகையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி என்னை அளந்தாள். துணியால் எதையோ துடைத்தாள். மறுபடி அளந்தாள்.

"என்னங்க, கீழ இறங்கினீங்களா?"

"இல்லயே!"

"ஒங்க தல மலை விளிம்புக்கு மேல இருந்துச்சு. இப்ப கீழ இருக்கு."

"நீ பிழையா வரஞ்சிருப்ப!"

ஈர வர்ணம்தானே, என்னைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் கீழே தீட்டினாள். பிறகு இன்னும் கீழே. அடுத்த முறை அளந்தபோது தூரிகை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"ஓடுங்க! பாறைப் பக்கம் ஓடுங்க! பாறை அப்படியே இருக்கு, நீங்களும் மரமும்தான் இறங்குறீங்க!"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு நேரம் ஆடாதே, இப்போது ஓடு! மரத்தைத் தட்டிப் பார்த்தேன். கல்லாக நின்றது. மரமும் என்னோடு சேர்ந்தே இறங்கினால் எனக்கு எப்படித் தெரியும்?

"சும்மா இரு! நான் நல்லாத்தான் நிக்கிறேன்!"

ஈரப் படத்தின் பக்கம் என் சட்டை நுனி போனாலே சண்டைக்கு வருபவள், அதைத் தூக்கி நிலத்தில் எறிந்தாள். வர்ணம் பூசிய பக்கம் குப்புற விழுந்தது. அலறிக்கொண்டு ஓடையை நோக்கி ஓடி வந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடினேன். பாறையில் கை பட்டதும் பின்னால் மலையே இரைந்தது. வாகைமரம் நின்றபடியே ஓடைக்குள் போயிற்று. அவளோ இன்னும் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"நில்லு, ஷிராணி! ஆடாத!"

நின்றாள். சேறு அவள் காலடிக்குச் சற்று முன்னால் புரண்டு போனது.

மேலே தள்ளியிருந்த பாலம் வழியாகச் சுற்றி அவளிடம் போனபோது படத்தை நிமிர்த்தி வைத்திருந்தாள். படத்து மலை முழுக்கப் புல்லும் மண்ணும் ஒட்டியிருந்தன. மரத்தடி ஆள் மட்டும் அப்படியே இருந்தான். டர்பன்டைன் துணியால் முதலில் அவனைத்தான் துடைத்தாள்.

"ஆள் இல்லாட்டி மலை நல்லா இருக்காதுன்னியே," என்றேன்.

"நீங்க அங்க நிக்க வேணாம்," என்றாள்.