மெஷின் எப்படிச் சத்தம் போடுது?

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. விடுதி வார்டன் ஃபோன் செய்தது செவ்வாயா புதனா என்று கேட்டால் தலையைச் சொறிவேன். ஸ்டோர்காரரிடம் கேட்டுச் சரிபார்க்கலாமென்றால், ஒரு கேள்விக்கு ஒரு தலையசைப்புக்கு மேல் அவர் தரமாட்டார். ஆகவே நாள் கிழமை முன்னே பின்னே இருக்கலாம். சத்தங்கள் மட்டும் சரியாக இருக்கும். அவற்றை அந்தக் கம்பெனியில் யாரும் மறக்கவில்லை.

ஸ்டோர்காரரை எல்லாரும் 'பூட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் உதிரிபாக அறையின் சாவி அவரிடம் இருந்ததால் வந்த பெயர் என்று மேனேஜர் நினைத்துக்கொண்டிருந்தார். வாயைப் பார்த்து வைத்த பெயர் என்பது மெக்கானிக்குகளுக்குத் தெரியும். கம்பிவலை போட்ட ஜன்னலுக்குப் பின்னால், ரப்பரும் கிரீஸும் மணக்கும் அலமாரிகளுக்கு நடுவே, ஆள் வராத நேரங்களில் அவர் புத்தகம் படிப்பார். ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு அரைமணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அவருக்குப் படிப்பில் சேர்த்திதான்.

காலையில் மெக்கானிக்குகள் பாகங்களை வாங்கிப் போவார்கள். சாயங்காலம் அதில் பாதி திரும்பி வரும். "இது இல்ல பூட்டு, வேற என்னமோ." மறுநாள் வேறொன்றோடு அதே வீட்டுக்குப் போவார்கள். ஏன் இப்படி என்று பதினோரு வருஷத்தில் அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கேட்டவள் முன்னறையில் ஃபோன் எடுத்த பெண்.

அந்த அறையில் மூன்று பெண்கள் புகார் எழுதினார்கள். பெயர், முகவரி, மாடல், குறை. குறை என்ற கட்டத்தில் மற்ற இருவரும் 'சத்தம் வருகிறது' என்று எழுதிவிட்டு அடுத்த ஃபோனை எடுப்பார்கள். இவள் மட்டும் விடமாட்டாள்.

"எப்படிச் சத்தம் போடுது? கொஞ்சம் அதே மாதிரி செஞ்சு காட்டுங்களேன்."

மறுமுனையில் முதலில் சிரிப்பார்கள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வயதானவர்கள்கூட, "கொர்ர்ர்" என்பார்கள், "கீச்ச்" என்பார்கள். அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொள்வாள். சாயங்காலம் வேலை முடிந்து கைப்பையை மாட்டிக்கொண்டு ஸ்டோர் ஜன்னலில் வந்து நிற்பாள்.

"அண்ணா, அந்த மூணாம் மாடி வீட்டு மெஷினுக்குக் கடைசியில என்ன போட்டாங்க?"

"பேரிங்."

"அப்ப 'கொர்ர்ர்'னா பேரிங்." எழுதிக்கொண்டு போய்விடுவாள். அடுத்த முறை யாராவது 'கொர்ர்ர்' என்றால், சீட்டில் அதன் பக்கத்திலேயே 'பேரிங்' என்றும் எழுதி அனுப்புவாள்.

சீனியர் மெக்கானிக் அவளுக்கு 'டொக்டொக்' என்று பெயர் வைத்தார். அவள் ஜன்னலருகே வந்தாலே, "என்ன டொக்டொக், இன்னிக்கு எந்த மெஷின் பாட்டுப் பாடுச்சு?" என்பார். கூட நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு, "நீங்க போன வீட்டு மெஷின்தான் அண்ணா. ஒப்பாரி வச்சிச்சு" என்பாள்.

ஒருநாள் தூக்கிப்போடும் பாகங்களை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தேய்ந்த பேரிங், அறுந்த பெல்ட், தண்ணீர் வெளியேற்றும் பழைய பம்ப் எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டி கனத்தது. பூட்டு ஞாயிற்றுக்கிழமை அதைத் தன் ஸ்கூட்டரில் வைத்து அவள் வீட்டில் இறக்கப் போனார். அன்றைக்குத்தான் அவருக்கு விஷயம் புரிந்தது.

இரண்டே அறைகள். பால்கனி முழுக்க ஒரு பழைய வாஷிங் மெஷின், தோலுரித்த மாதிரி நின்றது. பக்கத்தில் பக்கெட்டில் துணி ஊறிக்கொண்டிருக்க, வேன் ஓட்டும் அவள் புருஷன் குந்தி உட்கார்ந்து துவைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணா. எங்க வீட்ல மெஷின் படிச்சிட்டிருக்கு. அதான் நான் துவைக்கிறேன்" என்றான்.

"ரெண்டு சட்டைக்கு இவ்வளவு புலம்பலா?" என்றாள் அவள் உள்ளேயிருந்து.

"ரெண்டா? போர்வை இருக்கு, கணக்குல விட்டுட்டே பாரு."

அவள் ஒரு ஸ்பேனரோடு வந்து, நல்ல பேரிங்கைக் கழற்றித் தேய்ந்ததை மாட்டினாள். அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஓடவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு ஒரு போல்ட்டை அரைச்சுற்று தளர்த்தி மறுபடியும் ஓடவிட்டாள். ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிப் பார்த்து நோட்டில் எழுதினாள். எட்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் இதே வேலை. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. செய்யச் சொன்னவரும் இல்லை.

பூட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். ஒரு மனுஷி இவ்வளவு கவனமாக ஒன்றைக் கேட்பதை அவர் எங்கேயும் பார்த்ததில்லை. தான் காக்கும் அமைதி சோம்பேறித்தனம் என்றும், இவள் காக்கும் அமைதி உழைப்பு என்றும் அவருக்குத் தோன்றியது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல.

அடுத்த வாரம் மேனேஜர் கூட்டம் போட்டார்.

"ஏன் இவ்வளவு பாகம் திரும்பி வருது?"

"கஸ்டமருக்குச் சொல்லத் தெரியல சார்," என்றார் சீனியர்.

"அப்ப ஃபோன் எடுக்க மூணு பேர் எதுக்கு? பதிவு பண்ணின குரலைப் போட்டா போதும். ஒன்ன அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு அது சொல்லும். மாசக் கடைசியோட முன்னறையை மூடிடலாம். யாராவது ஏதாவது சொல்லணுமா?"

பூட்டுக்குச் சொல்ல இருந்தது. அவள் 'பம்ப்' என்று எழுதி அனுப்பிய வீடுகளுக்குப் போன பம்ப் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் சீனியருக்கு முகம் கறுக்கும். பதினோரு வருஷம் கூடவே உட்கார்ந்து சாப்பிட்ட ஆள். பூட்டு மேஜையில் இருந்த ஒரு கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்துவிட்டது.

"என்னண்ணா பேசினாங்க?" என்று அவள் ஜன்னலில் வந்து கேட்டாள். அவர் அலமாரியைத் துடைத்தார். அன்றிலிருந்து புத்தகம் திறந்தபடியே கிடந்தது. பக்கம் நகரவில்லை.

மற்ற இரு பெண்களும் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். இவளுக்கு ஐந்து நாள் மிச்சம் இருந்தபோதுதான் விடுதி வார்டன் நேராக மேனேஜருக்கே ஃபோன் செய்தார். அங்கே கம்பெனி பராமரித்த பன்னிரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று மட்டும் இரண்டு வாரமாக வேகம் எடுக்கும்போது இடி இடித்தது. சீனியர் இரண்டு முறை போய், டிரம்மின் அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பரை மாற்றியிருந்தார். இடி நிற்கவில்லை.

"இன்னிக்குச் சரி பண்ணலேன்னா பன்னிரண்டு மெஷினையும் வேற கம்பெனிக்குக் குடுத்துருவேன்," என்றது ஸ்பீக்கரில் வார்டனின் குரல்.

சீனியர் மூன்றாவது ஜோடி ஷாக் அப்சார்பருக்குச் சீட்டு எழுதியிருந்தார். அதில் கையெழுத்து வாங்கப் பூட்டு மேஜையருகே நின்றிருந்தார். அவர் சீட்டை நீட்டவில்லை.

"சார், முன்னறைப் பொண்ணுகிட்ட ஒரு தடவை ஃபோனைக் குடுங்க."

சீனியர் திரும்பிப் பார்த்தார். மேனேஜரும் பார்த்தார். பூட்டு பேசியது அவர்களுக்கு இடியைவிட ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"வணக்கம்மா. மெஷின் எப்படிச் சத்தம் போடுது?"

"இதென்ன விளையாட்டா? நான் வார்டன். என்னால அதெல்லாம் செஞ்சு காட்ட முடியாது."

"சரிம்மா, நான் செய்றேன். நீங்க ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க." மேனேஜர் முன்னால் நேராக நின்றுகொண்டு அவள் சத்தம் எழுப்பினாள். "தடால்... தடால்... தடால்... இதுவா?"

"இல்ல."

"டக்-டொம், டக்-டொம், டக்-டொம்... இதுவா?"

வார்டன், குரலைத் தாழ்த்தி, "டக்-டொம்தான். ஆனா இன்னும் வேகமா. டக்டொம்டக்டொம்டக்டொம்" என்றார். பின்னால் யாரோ பெண்கள் சிரிப்பது கேட்டது. "ஏய், போங்கடி!"

அவள் சீனியர் பக்கம் திரும்பினாள். "அண்ணா, மேல் மூடியைத் திறந்தீங்களா?"

"ஷாக் அப்சார்பர் அடியில இருக்கு. மேல எதுக்குத் திறக்கணும்?"

"மேல கான்கிரீட் கட்டி இருக்கில்ல, மெஷின் ஆடாம இருக்க வச்சிருக்கிறது? அதோட போல்ட்டு லூஸாயிருக்கும். முதல்ல கட்டி துள்ளும், அப்புறம் டிரம்மு இடிக்கும். அதான் ரெட்டைச் சத்தம். வீட்ல நானே தளர்த்திவிட்டுக் கேட்டிருக்கேன். பார்ட்ஸ் எதுவும் வேணாம். ஒரு ஸ்பேனர் போதும்."

சீனியரின் முகம் சிவந்தது. ஆனாலும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒருமணி நேரம் கழித்து ஃபோன் வந்தது. மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார்.

"டொக்டொக் இருக்காளா?"

"சொல்லுங்கண்ணா."

"அந்தக் கான்கிரீட் கல்லுதான். போல்ட்டு கையாலயே சுத்துது. நான் ரெண்டு தடவ வந்தும் மேல பாக்கல." பிறகு, "பூட்டுகிட்டச் சொல்லு, அவன் வாயைத் திறந்தது நல்லதாப் போச்சு" என்றார்.

மேனேஜர் அவளுடைய நோட்டைக் கேட்டார். முன்னூற்றுச் சொச்சம் சத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பாகம். கையெழுத்து வாங்காத ஷாக் அப்சார்பர் சீட்டு இன்னும் பூட்டின் சட்டைப்பையிலேயே இருந்தது. மேனேஜர் அதைக் கேட்காமல் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இரண்டு இடத்தில் அவர் உதடு அசைந்ததைப் பூட்டு பார்த்தார்.

பதிவு பண்ணின குரல் வந்தது. ஆனால் அது, "உங்கள் மெஷின் எப்படிச் சத்தம் போடுகிறது என்று செய்துகாட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு, அவளிடம் இணைப்பைக் கொடுத்தது. அவளுக்கென்று குறைகண்டறியும் பிரிவு ஒன்று தொடங்கினார்கள். மூன்று வருஷம் கழித்து எல்லாக் கிளைகளின் மெக்கானிக்குகளுக்கும் வகுப்பெடுக்கத் தலைமை அலுவலகத்துக்குப் போனாள். பால்கனி மெஷினும் கூடவே போனது. புருஷன் புதிதாக ஒன்று வாங்கி, அதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டான். சீனியர் அவளுடைய முதல் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தார். பிறகு ஓய்வுபெற்றார். போய்விட்ட இரண்டு பெண்களில் ஒருத்தி மருந்துக்கடையில் இருக்கிறாள், இன்னொருத்தியைப் பற்றித் தெரியவில்லை. வார்டன் அதே விடுதியில் இருக்கிறார். பூட்டு இன்னும் ஸ்டோரில்தான் இருக்கிறார். அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டார்.