மூன்றாம் மாடித் தையல்காரரின் வயிறு

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. மாடிப்படிக் குப்பைக் கூடையில் கிடைத்தது. மூடி திறந்திருந்தது. (சரி, நான்தான் திறந்தேன்.) உள்ளே அமிலத்தை அடக்கும் மாத்திரையின் காலி அட்டைகள் இரண்டு. எங்கள் மூன்றாம் மாடியில் வயிற்று நோயாளி ஒருவர்தான்: தையல்காரர்.

2

'நுண்ணுயிர்களின் உலகில் ஒரு புதிய விடியல்…' வேண்டாம். மருந்துக் கம்பெனித் துண்டறிக்கை மாதிரி இருக்கிறது.

நடந்தது இது. தையல்காரருக்கு வயிற்றில் கிருமி, அதனால் புண். ஒருமுறை ரத்த வாந்தியே எடுத்தார். வழக்கமான மருந்து இரண்டு தடவை தோற்றது. அவருடைய மச்சினிக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. இறால் ஓட்டிலிருந்து எடுத்த பொருளில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் செய்து, உள்ளே மருந்தை அடைக்கிறார்கள். துகள் வயிற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டு, அமிலம் பட்டதும் உடைந்து, கிருமியின் வாசலிலேயே மருந்தைக் கொட்டுமாம். ('மாம்' என்னுடையது.) பரிசோதனையில் அத்தானையும் சேர்த்துவிட்டாள். நிபந்தனை ஒன்றுதான்: அமிலத்தை அடக்கும் மாத்திரையைத் தொடக்கூடாது; அமிலம் இல்லையென்றால் துகள் உடையாது.

3

இங்கே தையல்காரரையே மாத்திரைக் கள்ளனாக்கப் பார்த்தேன். ஒத்துவரவில்லை, ஒரே கையை மூன்று தடவை அளக்கிற மனுஷன். அவர் மனைவியைப் பிடித்தேன்.

"குப்பையைக் கிளறுறதுதான் உங்களுக்கு வேலையாக்கா?"

"பேச்சை மாத்தாதே."

"எரியுது எரியுதுன்னு மிஷின்மேல கவுந்து கிடக்கிறார். பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா? காலையில பால்ல மாத்திரையைப் பொடிச்சுக் கலக்குறேன். அவருக்கே தெரியாது."

"உன் தங்கச்சி கூடாதுன்னாளே?"

"அவ சின்ன வயசுல ரேடியோவைப் பிரிச்சுப் போட்டவ. இன்னும் திரும்ப மாட்டலை."

4

நேற்று மூச்சுச் சோதனை. பைக்குள் ஊதினார், கிருமி இல்லை என்று வந்தது. மச்சினி கேக்கோடு படியேறி வந்தாள். "அத்தான், இனிமே மருந்தே வேண்டாம்."

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: அமில மாத்திரை உள்ளே போனால் கிருமி பதுங்கும், சோதனையும் ஏமாறும். மச்சினியே முன்பு சொன்னதுதான்.)

அப்படியானால் துகள் வென்றதா, கிருமி பதுங்கியதா? பதுங்கியிருந்தால் புண் மறுபடி திறக்கும், இந்த முறை ரத்தம் நிற்காமல்…

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.

5

முதல் முடிவு: மனைவி தங்கையிடம் ஒப்புக்கொள்கிறாள். அவளைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

இரண்டாம் முடிவு: நான் போட்டுக்கொடுக்கிறேன். அப்புறம் இந்த மாடியில் எனக்கு யார் கதவு திறப்பார்கள்?

மூன்றாவதை எழுதத் தொடங்கும்போது கதவைத் தட்டினார் தையல்காரர். கையில் என் ரவிக்கை.

"ஏதோ என் வயித்தைப் பத்தி எழுதுறீங்களாமே அக்கா?"

"சும்மா, பொழுதுபோக்கு. உடம்பு எப்படித் தம்பி?"

"பரவாயில்லைக்கா. எப்பவாச்சும் லேசா எரியும். காலையில பால் உள்ளே போச்சுன்னா அதுவும் அடங்கிடும்." கையை நீட்டினார். "குடுங்க, படிச்சுப் பார்க்கிறேன்."

"இன்னும் முடியலை."

"அதுக்கென்ன, நிக்கிறேன்."

நிற்கிறார். தாள்கள் என் மடியில். வாசகரே, நீங்கள்தான் சொல்ல வேண்டும்; சீக்கிரம்.