மாற்று ஆட்டக்காரி

அருண்ராஜ் தண்ணீர் டேங்க் ஏணியின் ஐந்தாவது படியில் நின்றான். ஊரில் அங்கேதான் சிக்னல் நிற்கும். கீழே அவன் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா விடியற்காலையில் செத்திருந்தார்.

காத்மாண்டுவில் இருந்த, தங்கை சுவேதாவின் இந்தியக் கால்பந்து அணி மேலாளரிடம் போனில் சொல்லிவிட்டான். சென்னைக்காரம்மா. அவர் சொன்னார்:

"மேட்சுக்கு முந்தின நாளே பொண்ணுங்க போனை வாங்கி வெச்சுடுவோம். உங்க தங்கச்சிக்கு இன்னும் தெரியாது. இப்ப சொன்னா மத்தியான ஃப்ளைட்ல ஏத்திவிடறேன். நாளைக்குக் காலைல வந்துடுவா. அதுவரைக்கும் ஃப்ரீசர் பாக்ஸ்ல வெக்க முடியுமா?"

கீழே போளூருக்குச் சொன்னால் மத்தியானத்துக்குள் பெட்டி இந்த மலையூருக்கு ஏறிவிடும்.

"சாயங்காலம் அரையிறுதி. சுவேதாவை இறக்கினாலும் இறக்குவோம். வீட்ல கேட்டுட்டுச் சொல்லுங்க. உங்க முடிவுதான்."

அப்பா படுத்து இரண்டு வருஷம். பீத்துணி மாற்றியது, புரட்டிப் போட்டது, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்தது எல்லாம் அவன். நேற்று இடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோதும் அப்பா கேட்டது ஒன்றுதான். "பாப்பா மேட்சு நாளைக்குத்தான?"

"சொல்லாதீங்க மேடம்," என்றான் அருண்ராஜ். "ஆடட்டும்."

"அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"அம்மாவும் அதான் சொல்றாங்க."

இறங்கி வந்தான். அம்மா செல்லி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"கெடச்சுதா? பாப்பா இன்னா சொன்னா?"

"அழுதா."

"எப்ப வர்றாளாம்?"

அவன் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மேட்ச் முடிச்சுட்டுத்தான் வருவாளாம். எடுத்துடச் சொன்னா."

செல்லி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். அத்தை மாதம்மாள்தான் பேசினாள்.

"இன்னாது? பெத்த அப்பன் மூஞ்சிய வுட பந்து பெருசா பூட்ச்சா? நல்லா வளத்த அண்ணி."

"வுடு மாதம்மா. அவ இஸ்டம்."

"டவுசர் போட்டுக்குனு ஓடறப்பவே சொன்னேன். எங்கண்ணன் கேட்டாரா? டிவில வர்றான்னு ஊரையே கூப்ட்டுக் குந்த வச்சாரு."

"அவன் உசுரோட இருந்தா இன்னிக்கி எழவத் தள்ளி வச்சுட்டு மேட்ச் பாப்பான்," என்றார் பந்தலில் ஒருவர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அருண்ராஜ் மாலைக் கட்டைப் பிரித்தான். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்தான்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். சுடுகாட்டில் வாய்க்கரிசி போட்டுவிட்டு நகர்ந்தவனைப் பங்காளிப் பெரியவர் நிறுத்தினார். வராத பிள்ளைக்கும் ஒரு பிடி உண்டு. கூடப் பிறந்தவன் பேர் சொல்லிப் போட வேண்டும்.

"சொல்லிப் போடுப்பா."

"சுவேதா."

"கேக்கல."

"சுவேதா," என்றான். அரிசி வாயில் நிற்காமல் கன்னத்தில் வழிந்தது. எது யார் பிடி என்று தெரியவில்லை.

குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது செல்லி டிவியைப் போடச் சொன்னாள். எழவு வீட்டில் டிவியா என்று மாதம்மாள் முணுமுணுத்தாள்.

"அவ மூஞ்சியாவது பாக்கறேன்," என்றாள் செல்லி.

சுவேதா ஆட்டத்தில் இல்லை. கோட்டுக்கு வெளியே, மாற்று ஆட்டக்காரிகளின் வரிசையில், பச்சை மேலாடையோடு உட்கார்ந்திருந்தாள். இடைவேளை வந்து போனது. ஒருத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். சுவேதா எழுந்து காலை உதறினாள். வேறொருத்தியை இறக்கினார்கள். சுவேதா உட்கார்ந்தாள்.

"இவள ஆட வுட மாட்டாங்களா?" என்றாள் மாதம்மாள்.

"மாத்து ஆளு அத்தை. தேவைப்பட்டாதான்."

"குந்தறதுக்கா போனா? இங்க வந்து குந்தி இருக்கலாமே."

முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது இந்தியா கோல் போட்டது. கேமரா அந்த வரிசைக்குத் திரும்பியது. சுவேதா பக்கத்திலிருந்தவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அவள் முகம் திரை முழுக்க வந்தது. ஈறு தெரியச் சிரித்தாள். அப்பாவின் சிரிப்பு.

செல்லி டிவிக்குக் கிட்டே போய் நின்று பார்த்தாள். முகம் மறைந்த பிறகும் நின்றாள்.

"அழுதான்னு சொன்ன," என்றாள், திரும்பாமல்.

"அம்மா..."

"அணச்சுடு."

எழுந்து அணைத்தான்.

பங்காளி வீட்டிலிருந்து களி வந்திருந்தது. செல்லி முதல் உருண்டையை அவன் தட்டில் வைத்தாள்.

"துன்னு. நீ ஒருத்தன்தான் அவருக்குப் புள்ளையா இருந்த."

அருண்ராஜ் தட்டையே பார்த்தான். பிறகு களியின் நடுவே விரலால் குழி செய்தான். செல்லி அதில் குழம்பை ஊற்றினாள்.