ஸ்டெல்லாவின் கன்னத்துச் சுழி

கஸ்பாருக்கு ஸ்டெல்லாவை விற்க மனமில்லை. விற்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்பதும் தெரியும். அதனால், வாங்குகிறவராவது நல்ல மனுஷராக இருக்க வேண்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டு, குதிரைக் கண்காட்சி மைதானத்தில் அதன் கழுத்தைத் தடவியபடி நின்றார்.

திண்டுக்கல்லில் பாத்திரக்கடை வைத்திருக்கிற மனிதருக்குக் குதிரை எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. அவருக்கே தெரியாது. அந்தியூர்ச் சந்தைக்கு வேடிக்கை பார்க்கப் போனவர், ஒரு செம்பழுப்புப் பெண்குதிரையோடு திரும்பி வந்தார். சல்லிசாகக் கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. அதன் இடது கண்ணுக்குக் கீழே, கண்ணீர் வழிகிற இடத்தில், ரோமம் வட்டமாகச் சுழன்று நின்றது. அந்தச் சுழி உள்ள குதிரையைக் கட்டிய வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும் என்பது குதிரைக்காரர்களின் கணக்கு. "நாங்க வேதக்காரங்க, சுழியெல்லாம் பாக்க மாட்டோம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அதை ஓட்டி வந்தார் கஸ்பார்.

தெருவில் நல்லவர்களுக்கா பஞ்சம்? வந்து பார்த்தவர்கள் சுழியை அவர் மனைவி ஜெயமேரிக்குக் காட்டிக் கொடுத்தார்கள். ஜெயமேரி ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறவர். அவருக்கும் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தபோது கொஞ்சம் யோசித்தார். மகனுக்கு வரவிருந்த துபாய் வேலை கைநழுவியபோது நன்றாகவே யோசித்தார். கடையில் குக்கர் விற்காததற்கும் ஸ்டெல்லாதான் பொறுப்பு என்கிற அளவுக்கு யோசனை வளர்ந்தது. பங்குச் சாமியாரை அழைத்து வீட்டை மந்திரிக்க வைத்தார். அதற்குப் பிறகும் ஃபிரிட்ஜ் புகைந்தது. கடைசியில், வீட்டில் ஒன்று அது இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். பதில் சொல்வதற்கு முன் கஸ்பார் சற்று யோசித்தது தனிச் சண்டையாகி, அது இன்னும் ஓயவில்லை.

நெய்க்காரப்பட்டியைச் சேர்ந்த கால்நடை டாக்டர் பெருமாள்சாமி, மகள் ஏறிப் பழகச் சாதுவான குதிரை தேடுவதாகக் கேள்விப்பட்டு, கஸ்பார் படம் அனுப்பியிருந்தார். படத்தில் வலது பக்க முகம்தான் தெரிந்தது. இன்றைக்கு இடது கன்னம் மறைகிற மாதிரி, குஞ்சம் வைத்துத் தைத்த அகலமான தோல்வாரைக் கட்டிக் கூட்டி வந்திருந்தார். தப்புதான். ஆனால் டாக்டர் வேண்டாமென்றால், அடுத்தபடியாகத் தரகர் நாசர் காத்திருக்கிறார். அவர் கைக்குப் போகிற குதிரை எந்த ஊரில் எந்தப் பாரத்தை இழுக்கும் என்று அவருக்கே தெரியாது.

காலையில் டாக்டர் வந்து பல்லைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார், நடக்க விட்டுப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டி, பந்தலில் தான் பேசவிருக்கும் கருத்தரங்கு முடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று போனார். குதிரை மறுபடி வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்று காவலுக்கு வந்த ஜெயமேரி, பந்தலில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கருத்தரங்கில் முதலில் சேணம் கட்டும் முறை. அடுத்து, குளம்பைத் தூக்கும் முறை. அதைச் செய்து காட்ட வந்தவரின் வேட்டி நுனியை மிதித்துக்கொண்டு குதிரை நகர மறுத்ததில், அந்தப் பாடம் பாதியில் நின்றது. பின்பக்கம் பிரியாணி தம்மில் இருந்தது. குதிரைக்காரர்கள் வாசனை வந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது, டாக்டர் மைக்கைப் பிடித்தார். அவருடைய தலைப்பு, குதிரை வளர்ப்பில் மூடநம்பிக்கைகள்.

"தாய் வயித்துல தோல் வளரையில ரோமம் திரும்புற திசைதானுங்க சுழி. வேற ஒண்ணும் இல்லீங்க. ரெட்டைச் சுழி இருந்தா ரெண்டு கல்யாணம்ங்கறாங்க. எனக்கு ரெட்டைச் சுழி. இருக்கற ஒண்ணையே சமாளிக்க முடியலீங்க."

பந்தல் குலுங்கிச் சிரித்தது. பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சுழிக்குப் பயந்து கைவிடப்பட்ட குதிரைகள் ரோட்டோரத்தில் எலும்பும் தோலுமாக நின்ற கதைகளைச் சொன்னார். வாயில்லா ஜீவன் மேல் பழியைப் போடுவது பாவம் என்றார். கஸ்பாருக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்பேர்ப்பட்ட மனுஷரையா தோல்வாரைக் கட்டி ஏமாற்றப் பார்த்தோம் என்று கூசிப் போனார்.

செயல்விளக்கத்துக்குச் சுழி உள்ள குதிரை ஒன்று வேண்டும் என்று டாக்டர் கேட்டார். ஜில்லாவிலேயே அப்படியொரு குதிரை இல்லை என்கிற மாதிரி அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். கஸ்பார் எழுந்தார். ஸ்டெல்லாவை நடுவில் கொண்டுபோய் நிறுத்தித் தன் கையாலேயே தோல்வாரை அவிழ்த்தார்.

டாக்டர் தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினார். உடனே சுதாரித்துக்கொண்டு, சுழியின் மேல் விரலை வைத்து, இதோ தொட்டுவிட்டேன், என்ன ஆகிவிட்டது என்று கேட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

கூட்டம் கலைந்ததும், தீவனக் கடைக்குப் பின்னால் டாக்டர் கஸ்பாரை ஒதுக்கி நிறுத்தினார். சுழியைத் தொட்ட விரலைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"குதிரை தங்கமுங்க. எனக்கு இதுல நம்பிக்கையெல்லாம் துளியும் இல்லீங்க. ஆனா பொண்ணு ஏறப்போற குதிரை பாருங்க."

"அப்ப மைக்குல அம்புட்டு நேரம் பேசுனது?"

"அது பொதுவாச் சொல்றதுங்க."

கஸ்பாருக்குக் கோபம் வரவில்லை. எதுவோ சில்லென்று உள்ளே இறங்கியது. அதற்குள் ஜெயமேரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து டாக்டரைக் கும்பிட்டார்.

"உங்க பேச்சைக் கேட்டு நெஞ்சே அடைச்சுப் போச்சு டாக்டர். இம்புட்டு நாளா ஒரு வாயில்லா ஜீவனக் கரிச்சுக் கொட்டிட்டேன். நீங்க கோவிச்சுக்கக் கூடாது, குதிரைய விக்கிறதா இல்ல."

ரொம்ப சந்தோஷம் என்றார் டாக்டர். அன்று அவர் பேசியதிலேயே மனசார வந்த வார்த்தை அதுதான். மறுபேச்சுக்கு இடம் கொடுக்காமல் பிரியாணிப் பக்கம் நடந்தார்.

ஜெயமேரி கணவன் கையிலிருந்த தோல்வாரைப் பிடுங்கிக் கீழே போட்டார். சுழியிலேயே கை வைத்துத் தடவி, முதல் தடவையாக ஸ்டெல்லா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். குதிரை தலையை அவர் தோளில் சாய்த்துக்கொண்டது. எத்தனை நாள் கஸ்பார் கெஞ்சியும் நடக்காதது இது. அவர் குதித்திருக்க வேண்டும்.

அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அத்தனை படித்த டாக்டர், எத்தனையோ மிருகங்களை அறுத்துப் பார்த்தவர், ஒன்றுமே இல்லாததற்கா பயப்படுவார்? மணிக்கட்டும் துபாயும் ஃபிரிட்ஜும் கஸ்பார் மனசுக்குள் வரிசையாக வந்து நின்றன. வழக்கம்போல ஸ்டெல்லாவின் இடது கன்னத்தைத் தட்டப் போன கை, பாதியில் திரும்பிக் கழுத்துக்குப் போனது.

"என்னங்க, மசமசன்னு நிக்கிறீங்க? வண்டிய வரச் சொல்லுங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்."

கஸ்பார் குனிந்து தோல்வாரை எடுத்துத் தூசி தட்டினார். கண் தானாகப் பந்தல் பக்கம் போய், தரகர் நாசர் இன்னும் இருக்கிறாரா என்று தேடியது.

"எதுக்கும் இன்னொரு தடவை யோசிச்சுப் பாரு மேரி" என்றார்.