மனுதாரர் ஆஜரில்லை

இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு மணிமேகலை வாசலுக்கு வந்தபோது, பந்தல் போடுகிறவர்களை ஹாரன் அடித்து விலக்கிக்கொண்டு ஒரு அரசாங்க ஜீப் வந்து நின்றது.

“திம்மராயன் வீடு இதுதானே? பட்டாளத்துக் கட்டடத்தப் பாக்கணும். மனு போட்டவர வரச் சொல்லுங்க” என்றார், இறங்கிய பொறியாளர்.

அவள் உள்ளே கை காட்டினாள். விடியற்காலை ஓசூர் ஆஸ்பத்திரியில் இறந்த அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

பொறியாளர் குரலைத் தாழ்த்தினார். “தெரியாதும்மா. ஆனா நாளைக்கு ரிப்போர்ட் போயாகணும். காட்டறதுக்கு ஆள் இல்லன்னா, இடிக்கிற ஆர்டர்தான்.”

உத்தனப்பள்ளிக்கு வெளியே, வெள்ளைக்காரன் காலத்தில் சிப்பாய்கள் தங்கிய நீளமான மாடிக் கட்டடம் அது. பொதுப்பணித் துறையில் வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற திம்மராயன், அதைக் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு விடுதியாக்கலாம் என்று ஆறு வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வரும். ‘ஒருத்தர் மேல ஏறிப் பாத்தாப் போதும்’ என்பார் அவர். இப்போது அங்கே லாரி நிறுத்த இடம் வேண்டுமாம்.

கம்பெனியில் ஷிப்டு முடிந்து அலுத்து வரும் மணிமேகலையே எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறாள். “அந்தப் பாழடஞ்சத வெச்சி என்னாப்பா பண்ணப்போற? வேற வேலயே இல்லியா?”

குடத்தை இறக்கி வைத்தாள். “நான் வரேன் சார்.”

“ஏய், அப்பன இப்பிடிப் போட்டுட்டு எங்க போற?” பெரியப்பா முனிசாமி கத்தினார். “மூணு மணிக்கு எடுக்கணும். ஊரு என்னா சொல்லும்?”

“ஆறு வருசமா வராதவங்க இன்னிக்கு வந்து நிக்கறாங்க பெரிப்பா. நான் என்னா பண்ணட்டும்?”

தலைமாட்டில் இருந்த அம்மா ருக்மணி நிமிர்ந்து பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து வரைபடச் சுருளை எடுத்துக்கொண்டு மணிமேகலை ஜீப்பில் ஏறினாள்.

பொறியாளர் கட்டட வாசலிலேயே நின்று, விரிசலைப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

“உள்ள வந்து பாத்துட்டு எழுதுங்க சார்.”

“சுவரே விட்டுப்போச்சேம்மா.”

அவள் கையோடு வந்துவிட்ட அலமாரிச் சாவியால் விரிசலைக் கெல்லினாள். சிமெண்ட் பொறுக்கு உதிர்ந்தது. உள்ளே சுண்ணாம்புக் காரை கல்லாக இருந்தது. “இது பின்னாடி யாரோ பூசுன பூச்சு. விரிசல் இதுலதான். சுவரு ரெண்டரை அடி கனம்.” சோறு தின்னும்போது அப்பா சொன்னது. அப்போது அவள் காதில் வாங்கியதாகவே நினைவில்லை.

“மேல ஏறலாமா? படி தாங்குமா?”

அவள் முதலில் ஏறினாள். அவர் பின்னால் வந்து, தளத்தை ஒருமுறை பலமாக மிதித்துப் பார்த்தார். மறுபடியும் மிதித்தார். வரைபடத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“எத்தன பேர் தங்கலாம்?”

“அறுவது பேரு. பின்னால குளிக்கற ரூமு. மழத் தண்ணிக்குத் தொட்டி. எதையும் இடிக்க வேணாம்.”

அவர் நீட்டிய படிவத்தில் ‘மனுதாரர் ஆஜரில்லை’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. மணிமேகலை அதன்மேல் விரலை வைத்தாள்.

“அத அடிங்க சார். அரை மைல்லதான் இருக்காரு. ஆறு வருசமா ஆஜராத்தான் இருந்தாரு. நீங்கதான் வரல.”

பொறியாளர் அந்த வரியை அடித்துவிட்டு, ‘மகள் ஆஜர்’ என்று எழுதினார். “இடிக்கறத நிறுத்தி வைக்கலாம்னு எழுதறேன். மேலதிகாரிங்க என்ன பண்ணுவாங்கன்னு என்னால சொல்ல முடியாது.”

“இத நேத்து வந்து சொல்லியிருந்தா…” அவள் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பியபோது மூன்றரை. எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அம்மா மெல்லக் கேட்டாள். “மேல ஏறிப் பாத்தாரா?”

“பாத்தாரு.”

அம்மா எழுந்து, கால்மாட்டுக்குப் போனாள். விலகியிருந்த வேட்டியின் ஓரத்தை இழுத்து அப்பாவின் பாதங்களை மூடிவிட்டாள்.