தாவீது மாஸ்டருக்கு வந்த கார்டு

தாவீது மாஸ்டர் எங்கள் டீமை விட்டுப் போவாரா, மாட்டாரா என்று தாண்டவராயன் டீக்கடையில் பத்து நாளாக இதே பேச்சு. மெட்ராஸிலிருந்து ஒரு பேங்க் டீமும் ஒரு மில் டீமும் அவரைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தன. வடக்குப்பட்டு ஃபுட்பால் டீமுக்குக் கோச்சாக இருந்து நாலு வருஷத்தில் மூன்று ஷீல்டு வாங்கித் தந்தவர் அவர். கேட்கத்தான் செய்வார்கள்.

அந்த வெள்ளிக்கிழமையும் அதே பேச்சுதான். பகல் இரண்டரை மணி. ஒரு லாரிக்கு லோடு ஏற்றி முடித்துவிட்டு அடுத்த லாரி வரும்வரை நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி ஃபேக்டரியில் ஏ ஷிப்ட் முடித்துவிட்டுக் கோபால் வந்திருந்தான். லேத் பட்டறை வில்சன் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தான்.

"மாஸ்டர் எங்கியும் போமாட்டாரு. ஞாயித்துக்கிழம ஃபைனலை வச்சிக்கினு போவாரா? இன்னா பேசற நீ?" என்றான் கோபால்.

"போனா இன்னா தப்பு? நீ மட்டும் பர்மனென்ட்டு, அவரு மட்டும் வார்ப்புப் பட்டறைல டெம்பரவரியாவே இருக்கணுமா?" என்றான் வில்சன்.

"நான் பர்மனென்ட் ஆனது என் திறமை."

"உன் மாமன் திறமைன்னு சொல்லு."

டீ ஆற்றிக்கொண்டிருந்த தாண்டவராயன் சிரித்தார். "சண்டைய வுடுங்கப்பா. அடுத்த சீசனுக்கு யாரை எடுக்கப் போறோம், அத்த முதல்ல பேசுங்க. நம்மகிட்ட கோல்ல நிக்க இன்னொரு கோலி இல்ல."

"கோலியா? நல்ல ஃபார்வர்டு வேணும்ணே. வியாசர்பாடிலேருந்து ஒருத்தனைக் கூட்டியாந்தா..." என்று இழுத்தான் வில்சன்.

"போன வருஷம் கூட்டியாந்தியே ஒருத்தனை! ஞாபகம் கீதா?" என்றான் கோபால்.

வில்சன் தலையைக் குனிந்துகொண்டான். அது எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. வியாசர்பாடியிலிருந்து ஒரு ஃபார்வர்டைக் கூட்டிவந்து, காண்டிராக்டர் கையைக் காலைப் பிடித்துக் கண்ணாடி ஃபேக்டரியில் சேர்த்துவிட்டோம். பையன் நன்றாகத்தான் ஆடினான். ஆனால் எந்த பேட்ச்சில் போடுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏற்கெனவே இருந்த இரண்டு ஃபார்வர்டுகளோடு அவனும் ஒரே பேட்ச். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மூன்று பேருக்கும் சேர்ந்தாற்போல் பி ஷிப்ட் வரும். மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே போனால் ராத்திரி பத்துக்குத்தான் வெளியே வருவார்கள். அந்த வாரம் எங்கள் டீமில் கோல் போட ஆளே இருக்காது.

எங்கள் டீமின் சங்கடமே இதுதான். பதினாறு ஆட்டக்காரர்களும் ஷிப்ட் பார்க்கிறவர்கள். கண்ணாடி ஃபேக்டரி உலையை ஞாயிற்றுக்கிழமையும் அணைக்க மாட்டார்கள். யார் எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று கணக்குப் பார்த்து, கேட்டில் போய் நின்று, ஒருத்தனோடு ஒருத்தனை மாற்றிவிட்டுப் பதினோரு பேரை நாங்கள் ஆடுகிற வறண்ட ஏரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் மாஸ்டரின் பாதி வேலை. பந்து சொல்லித்தருவது மீதிப் பாதி.

அந்தக் கணக்கு நோட்டு என்னிடம் இருந்தது. லாரியோடு எல்லா ஃபேக்டரிக்கும் போய் வருகிறவன் நான். எழுதப் படிக்கத் தெரியாததால் எவன் எந்த ஷிப்ட் என்று மனதிலேயே வைத்திருப்பேன். மாஸ்டர் கேட்டதால் ஷிப்ட்டுக்கு ஒன்றாக வட்டம், கோடு, பெருக்கல் குறி என்று போட்டு வைக்கத் தொடங்கினேன். ஒரு தரம் வட்டத்துக்கும் பெருக்கலுக்கும் ஆள் மாறிப்போய், கோலி இல்லாமலே டீம் இறங்கியது. ஆறு கோல் வாங்கினோம். மாஸ்டர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் வாங்கிக்கொண்டு வந்து, "கன்னியப்பண்ணே, இனிமே குறி வேணாம், பேரா எழுதலாம்" என்றார். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. எல்லாரும் அ, ஆ என்று ஆரம்பிப்பார்கள். நான் 'மைக்கேல்ராஜ், கோலி' என்று ஆரம்பித்தேன்.

தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். எங்கள் பக்கத்துத் தபாலை எல்லாம் தாண்டவராயன் கடையில்தான் கொடுத்துவிட்டுப் போவார். ஒரே ஒரு கார்டு. பெஞ்சின் ஓரத்தில் நான் இருந்ததால் என் கையில் கொடுத்தார். மையில் குண்டு குண்டாக எழுதியிருந்தது. யாருக்கு என்று பார்க்கத்தான் எடுத்தேன். 'தாவீது' என்று இருந்தது. படிக்க வந்தது. அடுத்த வரியும் வந்தது. அடுத்தவர் கார்டு என்கிற நினைப்பே இல்லாமல், வந்த சந்தோஷத்தில் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாய்விட்டே படித்துவிட்டேன்.

"அன்புள்ள தாவீது அவர்களுக்கு. கமிட்டி சம்மதித்துவிட்டது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மில் மைதானத்துக்கு வரவும். அன்று மாலையே டீம் பெங்களூர் புறப்படுகிறது, தாங்களும் உடன் செல்ல வேண்டும். சர்டிபிகேட், போட்டோ மூன்று கொண்டுவரவும். வேலை நிரந்தரம். வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். இப்படிக்கு, செயலாளர்."

படித்து முடித்து நிமிர்ந்தேன். அப்புறம்தான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

"ஞாயித்துக்கிழமயா? நாலு மணிக்கு ஃபைனல்யா!" என்றான் கோபால். எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணாத்த, சொல்றத கேளு. கார்ட ஜோப்புல வை. ஃபைனல் முடிஞ்சதும் குடு. தபால் லேட்டுன்னு சொல்லிக்கலாம்."

"அவரு பொழப்பு போயிடும்டா," என்றான் வில்சன்.

"இந்த மில்லு இல்லாங்காட்டி இன்னொரு மில்லு. அவர் பின்னாடி மெட்ராஸே சுத்துது. நமக்கு வேற மாஸ்டர் கெடைப்பாரா?"

தாண்டவராயனும் பார்வையை என் பக்கம் திருப்பினார். "ரெண்டு நாள்தானே கன்னியப்பா."

லாரி ஹாரன் அடித்தது. கார்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்து போனேன்.

அன்று ஏற்றியது வார்ப்பு இரும்பு. ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். தோளில் சாக்கைப் போட்டு அதன்மேல் தூக்கி வைத்தால் மூச்சு நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிடும். ஆடி பிறந்தும் வெயில் குறையவில்லை. ஒவ்வொரு நடைக்கும் நெஞ்சில் அந்தக் கார்டு உரசிக்கொண்டே இருந்தது. கோபால் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப் பட்டது. மாஸ்டர் போய்விட்டால் என்னிடம் நோட்டை யார் கேட்கப்போகிறார்கள்? சாயங்காலம் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்து, அன்றைக்கு எழுதியதைக் காட்டி, "இங்க ஒரு புள்ளி வுட்டுட்டீங்கண்ணே" என்று கேட்டுக்கொள்கிற அந்த அரை மணி நேரம்தான் எனக்கு நாள் முழுதும் தூக்கின கனத்தை இறக்கி வைக்கிற நேரம். அதைக் கையால் எடுத்து நானே கொடுக்க வேண்டுமா?

லோடு முடிந்து சட்டையைக் கழற்றிப் பிழிந்தேன். அப்போதுதான் கார்டு ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தால் கார்டு முழுக்க நீலமாக இருந்தது. வியர்வையில் மை கரைந்து ஒரு எழுத்துகூட நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரை மறைத்து வைத்துவிட்டு அப்புறம் கொடுக்கலாம் என்றால்கூட, கொடுக்க இனி ஒன்றுமில்லை. கார்டே வரவில்லை என்று இருந்துவிட்டால் மாஸ்டருக்குத் தெரியப்போவதில்லை. அதை நினைத்தபோதுதான் எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. ஏரிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

தண்ணீர் இல்லாத ஏரிக்குள் பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் விசிலோடு சவுக்குக் கழிக் கோல்போஸ்ட் பக்கம் நின்றிருந்தார். நான் நீலக் கார்டை நீட்டினேன்.

"இன்னாண்ணே இது?"

"உங்களுக்கு வந்த கார்டு மாஸ்டர். மத்தியானமே வந்துது. நான்தான் வச்சிக்கினேன். வேர்வைல அழிஞ்சிட்ச்சி." மூச்சு வாங்கியது. "ஆனா நான் படிச்சிட்டேன். தப்புத்தான். எல்லார் முன்னாடியும் படிச்சிட்டேன். சொல்றேன் கேளுங்க."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். வேகமாகப் படிக்கிறவர்களாக இருந்தால் பாதி மறந்திருக்கும். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் படித்தவன். அன்புள்ளவிலிருந்து இப்படிக்கு வரை ஒரு வார்த்தை விடவில்லை. போட்டோ மூன்று என்பதைக்கூட.

மாஸ்டர் அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"திங்கக்கிழமலேர்ந்து எனக்கு வேலை இல்லண்ணே," என்றார். "பட்டறைல நேத்தே சொல்ட்டாங்க, மறுபடியும் பிரேக்கு, பர்மனென்ட் ஆக்காம இருக்க நடுவுல நிறுத்தறது. வூட்ல செல்வமேரிகிட்டகூட நான் சொல்லல. ஃபைனல் முடியட்டும்னு இருந்தேன்." கார்டைச் சட்டைப்பையில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார். "வாசிச்சீங்களே, அதுக்கே உங்கள ஒண்ணும் சொல்லக் கூடாது."

"போய்ட்டு வாங்க மாஸ்டர்."

"மைக்கேல்ராஜுக்கு ஞாயித்துக்கிழம பி ஷிப்ட். நாளைக்கு கேட்டுக்குப் போய் மாத்தலாம்னு இருந்தேன். நாளைக்கு நான் போட்டோ எடுக்கணும், சர்டிபிகேட் எடுக்கணும்..."

"அத்த நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டேன். நோட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உலைப் பக்கத்தில் மைக்கேல்ராஜோடு மாற்றிக்கொள்ளக்கூடிய ஆள் ஏ ஷிப்ட்டில் ஒரே ஒருவன்தான். கோபால்.

சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கண்ணாடி ஃபேக்டரி கேட்டில் நின்றேன். கோபால் வெளியே வந்ததும் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். கார்டைக் கொடுத்துவிட்டேன் என்று அவனுக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

"துரோகி கணக்கா பண்ட்டியே அண்ணாத்த."

"திங்கக்கிழமலேர்ந்து மாஸ்டருக்கு வேலை இல்லடா. நிறுத்திட்டாங்க. வெளியே சொல்லாமவே நம்மகூட நின்னுக்கினு இருந்திருக்காரு."

கோபால் திரும்பி என்னைப் பார்த்தான். நான் சீட்டை நீட்டினேன். முந்தின நாள் உட்கார்ந்து நானே எழுதியது. ஞாயிறு மட்டும் மைக்கேல்ராஜ் ஏ ஷிப்ட்டும் கோபால் பி ஷிப்ட்டும் பார்க்க ஐயா அனுமதிக்க வேண்டும் என்று.

அவன் இரண்டு தரம் படித்தான். "அப்போ நான் ஃபைனல் பாக்க முடியாதா?"

"முடியாது."

"நாலு வருஷத்துல ஒரு மேட்ச் வுட்டதில்ல நான்."

"தெரியும். நோட்டுல இருக்கு."

அவன் என்னை முறைத்தான். அப்புறம் சிரித்துவிட்டான். "யோவ், பேனா குடுய்யா." சீட்டை என் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "ஒவ்வொரு கோலுக்கும் எனக்கு ஆள் வுட்டு சொல்லணும். உலைகிட்ட ஓடியாந்து சொல்லணும்," என்றான். சூப்பர்வைசர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, எழுதினது யார் என்று மட்டும் கேட்டார். நான் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுச் சீட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, மெட்ராஸ் ரயிலைப் பிடிக்கச் சிங்கப்பெருமாள் கோவில் போகிற பஸ்ஸுக்கு மாஸ்டரை அனுப்ப வந்தோம். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் கோபால்தான். மாஸ்டர் சம்சாரம் செல்வமேரியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எல்லாரும் நல்லா இருக்கணும்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

பஸ் வருகிற நேரத்தில் வில்சன் கேட்டான்: "மாஸ்டர், அடுத்த சீசனுக்கு யாரை எடுக்கறது? ஃபார்வர்டா, கோலியா? அத்த சொல்ட்டு போங்க."

மாஸ்டர் படியில் காலை வைத்துக்கொண்டே திரும்பினார். "ஃபார்வர்டோ கோலியோ, எவனை வோணா எடுங்க. ஆனா கன்னியப்பண்ணன் நோட்டைப் பாத்து, எந்த பேட்ச்சுல எடம் காலின்னு கேட்டுட்டு எடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டுதான் நின்றோம், வேறு என்ன செய்வது என்று தெரியாமல்.

செவ்வாய்க்கிழமை தாண்டவராயன் கடையில் ஒரு கார்டு வாங்கினேன். என் பெயரில் நான் எழுதிய முதல் கார்டு அதுதான்.

'மாஸ்டர், ஃபைனல் ஒன்று ஒன்று. வெளிச்சம் போய்விட்டதால் ஷீல்டு இரண்டு டீமுக்கும் ஆறு ஆறு மாதம். டாஸில் நாம் தோற்றோம், நமக்குப் பின் ஆறு மாதம். மைக்கேல்ராஜ் ஏ ஷிப்ட் முடித்து நேராக வந்தான், ஒரு பெனால்டி பிடித்தான். கோபாலுக்கு இரண்டு கோலையும் ஆள் விட்டுச் சொன்னோம். அவர்கள் போட்ட கோலை ஏன் சொன்னாய் என்று திட்டினான். ஃபார்வர்டு பார்க்கிறோம். இரண்டாம் பேட்ச்சில் இடம் இருக்கிறது. உங்களால் எழுதுகிறேன். கன்னியப்பன்.'

பால்பாயின்ட் பேனாவில்தான் எழுதினேன். மெட்ராஸில் அது யார் சட்டைப்பையில் கிடந்து நனைந்தாலும் அழியாது.