எஞ்சின் மூடியில் ஒரு சூரியன்

தரையிலிருந்து முந்நூறு அடி உயரத்தில், மணிக்கு எழுபது மைல் வேகத்தில், எனக்குக் கண் தெரியாமல் போயிற்று.

கண்ணில் கோளாறு இல்லை. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் நான். கடைசி சீட்டில் சூயிங்கம் ஒட்டுகிற கை யாருடையது என்று தலைமேல் கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கோளாறு என் விமானத்தின் அழகில் இருந்தது.

"அக்கா, ஓடுதளம் எங்க?" பக்கத்து சீட்டிலிருந்து தம்பி வென்டல் கேட்டான். தம்பிக்கு வயது ஐம்பத்தெட்டு.

"நானும் அதைத்தான் தேடறேன்."

"தேடறியா? நாம இறங்கிக்கிட்டு இருக்கோம் தாயே!"

எதிரே இரண்டு சூரியன்கள். ஒன்று ஆண்டவன் வைத்தது, வானத்தில். இன்னொன்று நான் வைத்தது, கண்ணாடிக்கு முன்னால், எஞ்சின் மூடியின் மேல். இரண்டாவதுதான் பெரியது.

த்ராட்டிலை அழுத்தி, மூக்கைத் தூக்கி, விமானத்தை மறுபடி மேலே ஏற்றினேன். கீழே பான்கேக் கூடாரத்தில் அறுபது பேர் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். எனக்குத் தெரியவில்லை. எனக்கு எதுவுமே தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் டெல்மர் கிராஸ்.

டெல்மர் பல் டாக்டர். எங்கள் ஊர் விமானத் தளத்தில் என் கொட்டகைக்கு எதிர்க் கொட்டகை. என்னிடம் இருக்கும் அதே 1946-ஆம் வருஷத்து இரண்டு சீட் விமானம் அவனிடமும் இருக்கிறது. இரண்டுமே பெயிண்ட் இல்லாத வெறும் அலுமினியம். பாலிஷ் போட்டால் வெள்ளி, விட்டால் பழைய சூப் சட்டி.

பிப்ரவரியில், மினசோட்டாக் குளிரில் பற்கள் தந்தியடிக்க, என் கொட்டகை அடுப்பருகே காபி குடித்துக்கொண்டே டெல்மர் என் இறக்கையைத் தடவினான்.

"வெர்னா, உன் விமானத்துக்குப் பல் சொத்தை மாதிரி இருக்கே?"

"உன் விமானத்துல முகம் பாத்தா உன் முகம்தான தெரியுது டாக்டரே? அதைவிட சொத்தை தேவலாம்."

பேச்சு வளர்ந்தது. பந்தயம் பிறந்தது. ஜூன் இரண்டாவது ஞாயிறு, கிழக்கே பதினெட்டு மைலில் ஹால்வர் புல்தரை ஓடுதளத்தில் பான்கேக் காலைச் சாப்பாடும் பாலிஷ் போட்டியும். யார் தோற்கிறாரோ அவர் தன் விமானம் முழுக்கப் பெயிண்ட் அடிக்க வேண்டும். நிறம் ஜெயித்தவர் இஷ்டம்.

எங்கள் வட்டாரத்தில் பளபளப்பு விமானத்துக்குப் பெயிண்ட் அடிப்பது, கல்யாணக் கேக்கில் தக்காளி சாஸ் ஊற்றுவது மாதிரி. டெல்மர் எனக்காகத் தேர்ந்தெடுத்த நிறம் அவன் ஆஸ்பத்திரிச் சுவரின் பச்சை. அதைப் பார்த்தாலே நாலு ஊர்ப் பிள்ளைகள் அழும். அவனுக்கு நான் வைத்திருந்தது பன்றிக்குட்டி ரோஸ்.

மார்ச்சிலிருந்து தொண்ணூறு மணி நேரம் தேய்த்தேன். முதலில் பஃபிங் மெஷின், பிறகு கையால், பிறகு வென்டலின் ஃபிளானல் போர்வையைக் கிழித்து. தேய்க்கத் தேய்க்க வெள்ளைப் பாலிஷ் கறுப்புச் சேறாகும். அந்தச் சேற்றைச் சோளமாவு தூவித் துடைத்தால் அடியில் கண்ணாடி. ஆனால் அளவு தெரிய வேண்டும். தகட்டின் மேல் தோல்தான் சுத்த அலுமினியம், காகிதத்தைவிட மெல்லிசு. அதைத் தாண்டித் தேய்த்தால் போச்சு. நாலு வருஷம் முன்னால் வென்டல் மெஷினைக் கதவோரத்தில் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு ரேடியோவில் பேஸ்பால் கேட்டான். அவன் அணியும் தோற்றது, என் கதவும் தோற்றது. அங்கே இன்றும் தட்டளவுக்கு ஒரு சாம்பல் வட்டம்.

போட்டிக்கு முந்தைய புதன்கிழமை, மின்னாத இடம் இன்னும் எங்கே என்று தேடினேன். அகப்பட்டது. கண்ணாடிக்கு முன்னால் எஞ்சின் மூடியின் மேல் மங்கலான கறுப்புப் பட்டை. இந்த மாதிரி விமானம் எல்லாவற்றிலும் அந்தப் பட்டை உண்டு. ஓட்டுகிறவர் கண் கூசாமலிருக்கத்தான் அதை வைத்தார்கள் என்று தெரியாதவளில்லை நான். தெரிந்துதான் உரித்தேன். அதுதான் கேவலம். மூன்று சதுர அடி கூடுதல் வெள்ளி கிடைத்தது.

வியாழக்கிழமை டெல்மர் காபிக்குச் சர்க்கரை கேட்கும் சாக்கில் வந்து, கழுத்தை ஒட்டகமாக நீட்டி அதைப் பார்த்துவிட்டு, சர்க்கரையை மறந்துவிட்டுப் போனான்.

ஞாயிறு காலை ஏழுக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் கண் கூசியது. அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டேன். மூக்கைத் தாழ்த்தி இறங்க ஆரம்பித்ததும்தான் பெருமை கண்ணில் குத்தியது.

"மறுபக்கத்துலேர்ந்து இறங்கேன்," என்றான் வென்டல். "சூரியன் முதுகுல இருக்கும்."

"காத்தும் முதுகுல இருக்கும். புல்லு பனியில நனைஞ்சு கிடக்கு. பிரேக் பிடிக்காம நேரா ஓடையில போய்க் குளிக்கலாம், வரியா?"

"எட்டு மணிக்குள்ள இறங்கலைன்னா போட்டியில கிடையாது."

"தெரியும்டா."

நாலு மைல் வடக்கே ஹாகன் குடும்பத்தின் வைக்கோல் நிலத்தில் வடக்கு தெற்காக ஒரு ஓடுதளம் இருக்கிறது. அங்கே பக்கக்காற்றில் நண்டு மாதிரி போய் இறங்கினேன். எஞ்சினை அணைத்தேன். பையில் அரை டப்பா பாலிஷும் துணிகளும் இருந்தன.

"தேய்," என்றேன். "ஆனா துடைக்காத."

வென்டல் என்னைப் பார்த்தான். "தொண்ணூறு மணி நேரமா இதைத்தான செய்யாதன்னு கத்துன?"

எஞ்சின் சூட்டில் சேறு இரண்டே நிமிஷத்தில் காய்ந்து, கரியாக, மங்கலாக, அசல் பட்டை மாதிரியே உட்கார்ந்துவிட்டது. ஏழு நாற்பத்தொன்றுக்கு ஹால்வரில் இறங்கினேன். ஓடுதளம் புல் புல்லாகத் தெரிந்தது.

நடுவர் ஓபல் ரிங்டால் ஒரு கையில் அட்டையும் இன்னொரு கையில் சாசேஜும் வைத்துக்கொண்டு வந்தாள். எழுபத்திரண்டு வயது, ஓய்வு பெற்ற கோர்ட் குமாஸ்தா. விதி என்றால் அவளுக்கு வெல்லம்.

"வழியில ஒட்டின பூச்சி துடைக்க அஞ்சு நிமிஷம். அப்புறம் கையைக் கட்டிக்கணும்."

முதல் வேலையாக அந்தச் சேற்றைத் துடைக்கக் கையை நீட்டினேன்.

"ஒன்பதாம் விதி," என்று வாசித்தாள் ஓபல். "முன்பக்கக் கறுப்புப் பட்டை இல்லாத விமானம் தள்ளுபடி. போன வருஷமே சேத்தேன். எவனும் படிக்கறதில்ல, நேரா பான்கேக்குக்கு ஓடறீங்க."

வென்டல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். இருவரும் மிகுந்த கவனத்துடன் வாலைத் துடைக்கப் போனோம்.

ஓபல் சுற்றி வந்தாள். பட்டையைப் பார்த்தாள். "பெயிண்ட் அடிச்சவன் குடிச்சிருந்தானா?" என்று கேட்டுவிட்டு, சரி என்று குறித்துக்கொண்டாள். அப்புறம் ஸ்கேலை இறக்கையின்மேல் செங்குத்தாக நிறுத்தினாள். உலோகத்துக்குள் தெரியும் ஸ்கேலில் எத்தனை அங்குலம் வரை எண்ணைப் படிக்க முடிகிறதோ அத்தனை மதிப்பெண். பன்னிரண்டு. முழு ஸ்கேல். ஹால்வரில் அதுவரை யாரும் பன்னிரண்டு வாங்கியதில்லை.

கூட்டத்தில் எவனோ விசில் அடித்தான். எனக்கு ரோஸ் நிறம் கண்முன் வந்தது.

அப்போதுதான் டெல்மரின் விமானம் மேற்கிலிருந்து வந்தது. கோணலாக வந்தது. ஓடுதளத்தை விட்டு விலகி, பான்கேக் கூடாரத்தின் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போயிற்று. தட்டுகள் பறந்தன. மேப்பிள் பாகு ஊற்றிக்கொண்டிருந்த பாதிரியார் மேஜைக்கு அடியில் போய்விட்டார்.

ஓபலின் மேஜைமேல் இருந்த ரேடியோ கரகரத்தது. "ஹால்வர், டெல்மர் பேசறேன். ஒண்ணுமில்ல. சும்மா ஒரு சுத்து." சுற்றி வந்து மறுபடியும் இறங்காமலே போனான்.

"இது ரெண்டாவது சுத்து," என்றாள் ஓபல். "இவனுக்கு என்ன வந்தது?"

எனக்குத் தெரிந்தது. வென்டலுக்கும் தெரிந்தது. அவன் என்னைப் பார்த்தான், நான் காபியைப் பார்த்தேன்.

மணி ஏழு ஐம்பத்திரண்டு. இன்னும் எட்டு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். டெல்மர் இறங்க மாட்டான். என் வெள்ளி வெள்ளியாகவே இருக்கும். வாயைத் திறந்தால் பச்சை.

டெல்மர் மூன்றாம் முறை திரும்பினான். வீம்பு பிடித்த மனுஷன். இம்முறை முன்னைவிடத் தாழ்வாக, நேராகக் கார்கள் நிற்கும் வரிசையைப் பார்த்து.

"அக்கா," என்றான் வென்டல், மெதுவாக. "அவன் உன்னைப் பாத்துத்தான் உரிச்சான்."

ரேடியோவைப் பிடுங்கினேன்.

"டெல்மர், வெர்னா பேசறேன். மேல போ! இப்பவே மேல ஏறு!"

"என்னைத் தோற்கடிக்கப் பாக்கறியா?"

"நீ கார்மேல இறங்கப் பாக்கற, முட்டாளே! ஏறு!"

எஞ்சின் அலறியது. ஒரு பிக்கப் வண்டியின் ஆன்டெனா ஆடி நின்றது. விமானம் மேலே போயிற்று.

"பட்டையை உரிச்சிட்டியா?" என்றேன்.

ரேடியோ மறுபடி கரகரத்தது. "நீதான முதல்ல உரிச்ச!"

அறுபது தலைகள் என் பக்கம் திரும்பின.

"ஹாகன் நிலத்துக்குப் போய் இறங்கு. மூடிமேல பாலிஷைப் போட்டுத் தேய்ச்சு அப்படியே காய விடு. துடைச்சிடாத. அப்புறம் வா, எல்லாம் தெரியும்."

"நீ அப்படித்தான் இறங்கினியா?"

"ஆமா."

ஓபல் சாசேஜைக் கீழே வைத்தாள். என் விமானத்தருகே போய், பட்டையின் குறுக்கே ஒரு விரலை இழுத்தாள். விரல் கறுப்பு. விரல் போன வழியெல்லாம் வெள்ளி.

"இது பெயிண்ட் இல்லையே?"

"இல்ல."

"பின்ன என்ன?"

"அழுக்கு."

அவள் விரலை என் சட்டையிலேயே துடைத்துவிட்டு, பன்னிரண்டைப் பேனாவால் நிதானமாக அடித்தாள்.

டெல்மர் எட்டேகாலுக்கு இறங்கினான், சுத்தமாக, முகமெல்லாம் கரியாக. அவன் பெயரையும் ஓபல் அடித்தாள், தாமதம் ஒன்று, பட்டை ஒன்று என்று இரண்டு தடவை. கோப்பை மூன்றாவது ஆளுக்குப் போயிற்று. அவனுடையது தகட்டுக்குப் பதில் துணி போர்த்திய மஞ்சள் விமானம். அதில் அலுமினியம் என்று இருந்தது மூக்குக் கூம்பு மட்டும். பெயரைக் கூப்பிட்டபோது, காரை நகர்த்தச் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சாவியோடு வந்தான்.

டெல்மர் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். பான்கேக்கை முள்கரண்டியால் பிடிக்கவே மூன்று முயற்சி.

"நன்றி எல்லாம் சொல்ல மாட்டேன்," என்றான்.

"சொல்லாத. அடுத்த தடவை என் பல்லைப் பிடுங்கும்போது மரப்பு ஊசியைக் கொஞ்சம் தாராளமாப் போடு."

"பந்தயத்துல யாரு தோத்தது?"

வென்டல் வாய் நிறையப் பான்கேக்கோடு தீர்ப்புச் சொன்னான். "ரெண்டு பேரும்."

மறுக்க முடியவில்லை. அறுபது சாட்சிகள், அதில் ஒரு கோர்ட் குமாஸ்தா.

ஜூலை முதல் வாரம் நான் பச்சையானேன், அவன் ரோஸானான். அந்தக் கோடையில் தேய்க்க ஒன்றுமில்லாததால் நாற்பது மணி நேரம் பறந்தேன். முந்தைய வருஷம் முழுக்கப் பறந்தது ஆறு. அயோவாவில் சித்தப்பா மகள் வீட்டுக்குப் போனேன், மழையில் நனைந்தேன், பூச்சிகளைத் துடைக்காமல் தூங்கினேன். ரோஸ் விமானத்தையும் அங்கங்கே பார்த்தேன். டெல்மர் ஜன்னல் வழியாகக் கையாட்டினான். சந்தோஷமாகத்தான் இருந்தோம் என்று நினைக்கிறேன்.

நேற்று டெல்மர் போன் செய்தான்.

"வெர்னா, பெயிண்ட் உரிக்கற திராவகம் பெரிய டின்னாத்தான் வருதாம். ஒரு விமானத்துக்கு வாங்கினா பாதி மிஞ்சிடும்."

"பட்டையை விட்டு உரிப்பியா?"

"விட்டுத்தான்."

"பாதியை எடுத்துட்டு வா," என்றேன். "போர்வையை நான் பாத்துக்கறேன்."